ஏற்காடு அடிவாரத்தில் ஒரு நங்கூரம்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்லும் சாலையில், கோரிமேட்டைத் தாண்டி அடிவாரம் வருவதற்குச் சற்று முன்பாக, ஒரு புளியமரத்தடியில் தகரக் கூரை போட்ட சிற்றுண்டிக் கடை ஒன்று இருக்கிறது. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெயர் எழுத வேண்டிய இடத்தில் நீல வண்ணத்தில் ஒரு நங்கூரம் மட்டும் வரையப்பட்டிருக்கிறது. அக்கம்பக்கத்தார் அதை 'நேவிக்காரர் கடை' என்கிறார்கள். கடலூர்க் கடற்கரைக்கும் இந்தப் புளியமரத்துக்கும் இடையே ஏறக்குறைய 200 கிலோமீட்டர் தூரம் இருக்கும். இங்கே நங்கூரத்துக்கு என்ன வேலை என்று யோசித்துக்கொண்டேதான் ஒரு சனிக்கிழமை மாலை என் தாய்மாமாவை அழைத்துக்கொண்டு போனேன். மாமா தரைப்படையின் மெட்ராஸ் ரெஜிமென்டில் நாயிப் சுபேதார் என்ற இளநிலை அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவரைக் கூட்டிப் போனது இந்த மதிப்புரைக்கு நல்லதாயிற்று; கடைக்காரருக்கு நல்லதாயிற்றா என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

கடைக்காரர் பதினைந்து ஆண்டுகள் இந்தியக் கடற்படையில் சமையல் பிரிவில் பணியாற்றி, விசாகப்பட்டினத்திலும் கொச்சியிலும் கப்பல் மாற்றிக் கப்பல் ஏறி, நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். அவருக்கு இன்றுவரை தீராத மனக்குறை ஒன்று உண்டு. நம் பக்கத்தில் 'நேவி' என்றாலே, சரக்குக் கப்பலில் டாலரில் சம்பளம் வாங்குகிற மெர்ச்சன்ட் நேவி என்றுதான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள், பெண் பார்க்கப் போன இடத்திலேயே "மாசம் எத்தனை டாலருங்க?" என்று கேட்டார்களாம். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும் என்றோ என்னவோ, கடற்படையின் பேச்சு வழக்குகளையே தமது பலகாரங்களுக்குப் பெயராகச் சூட்டிவிட்டார். நமது கடற்படை பிரிட்டிஷ் ஆட்சிக்காலக் கடற்படையிலிருந்து வளர்ந்தது என்பதால் அவர்களுடைய வழக்குச் சொற்கள் கப்பல்களில் இன்னும் புழங்குகின்றன. காலை வேலைக்கு நடுவே தேநீருக்காக விடும் இடைவேளையை 'ஸ்டாண்ட் ஈசி' என்பது அவற்றுள் ஒன்று. அமெரிக்கச் சொற்களோ, 1992 முதல் அமெரிக்கக் கடற்படையோடு நடந்துவரும் 'மலபார்' கூட்டுப் பயிற்சி ஒன்றின்போது அவர் காதில் விழுந்தவை.

கரும்பலகையின் முதல் வரி 'கீடங்க் – 30 ரூபாய்' என்று இருக்கிறது. வெளியூர்க்காரர் யாராவது படித்தால் ஏதோ சீனப் பண்டம் என்று எண்ணக்கூடும். கேட்டால் வந்து சேர்வது நம்மூர்த் தட்டுவடை செட். அமெரிக்க மாலுமிகள் கொறிக்கிற தின்பண்டம் எல்லாவற்றுக்கும், அது விற்கிற கப்பற் கடைக்கும் சேர்த்தே 'கீடங்க்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். வயிறு நிறைவதற்காகச் சாப்பிடுவது உணவு, வாய் சும்மா இராமல் சாப்பிடுவது கீடங்க் என்று கடைக்காரர் விளக்கம் சொன்னார். தட்டுவடை செட்டுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் சேலத்தில் யாரும் வகுத்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்தத் தட்டுவடை செட்டைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கடைக்கு மறுபடியும் போக வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். ஊருக்குள் பெரும்பாலான தள்ளுவண்டிகளில் தட்டுவடையைப் பொட்டலமாக வாங்கி வந்து அடுக்கிக்கொள்வார்கள். இவர் தினமும் மதியம் தாமே தட்டிப் பொரிக்கிறார். அரிசி மாவோடு பொட்டுக்கடலை மாவு சேர்ந்த, விரலால் அழுத்தினால் சட்டென்று முறிகிற, எண்ணெய் குடிக்காத வடை. கீழ் வடையில் பச்சைச் சட்னியும் பூண்டு மிளகாய்ச் சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம் ஆகியவற்றை வைத்து, மேலே இன்னொரு வடையை மூடித் தருவதுதான் எங்கும் உள்ள முறை. இங்கே உள்ள வேறுபாடு என்னவென்றால், துருவிய பீட்ரூட்டைக் கையாலேயே ஒருமுறை பிழிந்து நீரை வடித்துவிடுகிறார். அதனால் வடை நமுத்துப் போவதில்லை. தட்டில் இருக்கும் ஆறில் கடைசி ஒன்றை எடுக்கும்போதும் முதலாவதைக் கடித்த அதே சத்தம் கேட்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலும் அம்மாபேட்டையிலும் பல மாலைகளை இதற்காகவே செலவிட்டவன் என்ற முறையில், பதத்தில் இதற்கு முதல் இடம் கொடுப்பேன். காரத்தில் கொடுக்க மாட்டேன். சிவப்புச் சட்னி இன்னும் ஒரு மாற்று உறைப்பாக இருக்கலாம். மலைக்குப் போகிற சுற்றுலாக்காரர்களை நினைத்துக் குறைத்திருக்கிறார் போலும்.

'கீடங்க்' என்ற சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலகைக்குக் கீழே ஒரு குறிப்பு எழுதி ஒட்டியிருக்கிறார். காசு போட்டால் பண்டம் விழுகிற இயந்திரத்தில் அது விழும்போது எழும் ஓசைதான் சொல்லாகிவிட்டதாம். கேட்க நன்றாக இருக்கிறது. கப்பல்களிலும் இந்தக் கதை சொல்லப்படுகிறது. ஆனால் 1920களில் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளிவந்த 'ஹரால்ட் டீன்' என்ற சித்திரத் தொடரில், இளைஞர்கள் கூடும் ஒரு பானக் கடையில் 'கீடங்க் சண்டே' என்று ஓர் ஐஸ்கிரீம் வருகிறது. அந்தத் தொடர்தான் சொல்லைப் பரப்பியது என்பதே வலுவான விளக்கம். இதை நான் சொன்னபோது கடைக்காரர் மறுக்கவில்லை. "மெஷின் கதைதான் சார் சின்னப் பசங்களுக்குப் பிடிக்குது" என்றார். குறிப்பைத் திருத்தும் எண்ணம் அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

ஐஸ்கிரீம் என்றதும் மனிதர் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. அமெரிக்கக் கடற்படை 1914ஆம் ஆண்டில் தன் கப்பல்களில் மதுவைத் தடை செய்தது. மாலுமிகளின் மனத்தை வேறு எதையாவது கொடுத்துத்தான் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. ஐஸ்கிரீம் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போரில் கடலில் விழுந்த விமானிகளைச் சிறிய நாசகாரிக் கப்பல்கள் மீட்டுவரும்போது, ஐஸ்கிரீம் இயந்திரம் வைத்திருந்த பெரிய விமானந்தாங்கிக் கப்பல், தன் ஆளைத் திருப்பித் தந்ததற்குக் கைம்மாறாக ஐஸ்கிரீம் அனுப்பிவைப்பது வழக்கமாயிற்று. 1942 மே மாதத்தில் பவளக் கடற்போரில் 'லெக்சிங்டன்' கப்பல் மூழ்கும் நிலைக்கு வந்து, கப்பலைக் கைவிடுமாறு உத்தரவானபோது, அதிலிருந்தவர்கள் கிடங்கில் இருந்த ஐஸ்கிரீமைத் தின்று தீர்த்துவிட்டு இறங்கினார்கள் என்பது புகழ்பெற்ற கதை. 1945இல் பசிபிக் பகுதியில் கான்கிரீட்டால் ஆன மிதவை ஒன்றை ஏறக்குறைய பத்து லட்சம் டாலர் செலவில் ஐஸ்கிரீம் ஆலையாகவே மாற்றி இழுத்துச் சென்றார்கள். பிரிட்டிஷ் கடற்படையோ 1970 ஜூலை 31 வரை தினமும் ரம் ஊற்றிக் கொடுத்தது. அவர்களுக்கு மிதக்கும் ஐஸ்கிரீம் ஆலை தேவைப்படவில்லை. இவ்வளவையும் சுவைபடச் சொல்கிறவர் தமது கடையில் விற்பது, எல்லாப் பெட்டிக்கடைகளிலும் கிடைக்கிற கம்பெனிக் கப் ஐஸ்கிரீம்தான். அதற்கு மதிப்பெண் போட ஒன்றுமில்லை.

ரம் என்ற பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லாவுக்கு மேலே 'இங்கே கோட்டா சரக்கு கிடையாது, தயவுசெய்து கேட்காதீர்கள்' என்று சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கிறது. ஓய்வு பெற்ற படைவீரர் என்றால் மிலிட்டரி கேன்டீன் அட்டையும், அட்டை என்றால் பாட்டிலும் நினைவுக்கு வருவது நம் மக்களின் இயல்பு. அதேபோல, படைவீரர் கடை என்றதும் 'மிலிட்டரி ஓட்டல்' என்று எண்ணி மட்டன் பிரியாணி கேட்டு வருகிறவர்களும் உண்டாம். உண்மையான மிலிட்டரிக்காரர் நடத்துகிற இந்தக் கடையில் முட்டையைத் தவிர அசைவம் எதுவும் கிடையாது.

மற்றப் பெயர்களுக்கு வருவோம். 'நட்டி' என்பது பிரிட்டிஷ் கடற்படையில் சாக்லேட்டுக்கும் மிட்டாய்களுக்கும் பொதுவான பெயர். இங்கே கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் அந்தப் பெயரில் கண்ணாடிச் சாடிகளில் இருக்கின்றன. நிலக்கடலைக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயரோடும் ஒட்டிவருவதால் குழந்தைகள் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். 'காஃபர்' என்றால் சோடா, கலர் வகைகள். கப்பலின் மேல்தளத்தில் வந்து அறைகிற பேரலைக்கும் அதே சொல்தான். கோலி சோடாவைக் கட்டைவிரலால் குத்தித் திறக்கும்போது முகத்தில் தெறிக்கிற தெறிப்பைப் பார்த்தால் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. 'போகி பெய்ட்' என்ற சாடியில் தேன் மிட்டாய் இருக்கிறது. அமெரிக்க மரைன் படையினர் இனிப்புக்குச் சொல்லும் பெயர் அது. பொங்கலுக்கு முந்தைய நாளுக்கும் இதற்கும் தொடர்பு தேட வேண்டியதில்லை.

'கை' என்ற பானம் மட்டும் தனியாகச் சொல்லத்தக்கது. இரவுக் காவலில் நிற்கிற பிரிட்டிஷ் மாலுமிகளுக்காகக் கட்டிச் சாக்லேட்டைக் கத்தியால் சீவி, கொதிநீரிலும் டின் பாலிலும் கரைத்துக் கூழ்போல் கெட்டியாகக் கொடுத்த சூடான பானம் அது. கரண்டி நட்டால் நிற்க வேண்டும் என்பது அதற்குரிய பதம் என்று சொல்லப்படுகிறது. தமிழில் இந்தப் பெயர் செய்கிற வேடிக்கைக்கு அளவில்லை. "அண்ணா, இங்க ரெண்டு கை குடுங்க" என்று ஒரு மேசையிலிருந்து குரல் வந்ததும், பாத்திரம் தூக்கத்தான் ஆள் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து மாமா எழுந்தே விட்டார். பானத்தின் தரத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் மாதத்தில் மலையிலிருந்து இருசக்கர வண்டியில் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் குளிரில் இறங்கி வந்தவருக்கு அது அமுதம். ஏப்ரல் மாதச் சேலத்து வெயிலில் அதைக் குடிப்பது தண்டனை. ஆண்டு முழுவதும் ஒரே கெட்டியாகப் போடுவதை அவர் மாற்றிக்கொள்ளலாம்.

ஒரு பெயரை அவர் எடுத்துவிட வேண்டும் என்பது என் கருத்து. பப்ஸுக்கு 'ஓகி' என்று எழுதியிருக்கிறார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உருளைக்கிழங்கும் இறைச்சியும் வைத்துச் சுடுகிற மடிப்புப் பண்டத்துக்கு மாலுமிகள் இட்ட பெயர் அது என்பதால் ஒப்புமை சரியானதே. ஆனால் தமிழ்க் காதுக்கு அது 2017 நவம்பர் இறுதியில் குமரி மாவட்டத்து மீனவர்களைக் கொண்டுபோன ஒக்கிப் புயலாகத்தான் கேட்கும். மலைக்கு வருகிற குமரி மாவட்டத்தார் ஒருவர் இந்தப் பலகையைப் படிக்க நேர்ந்தால் பப்ஸ் உள்ளே இறங்காது. இதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. தாமே அதை யோசித்திருக்க வேண்டும் என்றார்.

பலகையில் இருக்கிற பெயர்களிலேயே மிகச் சிறந்தது எந்த நாட்டுக் கடற்படையிலிருந்தும் வந்ததன்று. தட்டுவடையையும் முறுக்கையும் நொறுக்கி, அதே காய்த் துருவலையும் சட்னிகளையும் போட்டுக் கலக்கித் தருகிற நொறுக்கலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் 'கவிழ்ந்த கப்பல்'. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்று நம் பாட்டிமார் சொன்னது அதைப் படித்தவுடன் வாயில் வருகிறது. அதற்குப் பிறகு 'கீடங்க்' என்று உச்சரிப்பது சற்றுச் செயற்கையாகவே இருக்கிறது. இரவல் சொற்களில் பாதியைக் குறைத்துவிட்டு இப்படிச் சொந்தமாக நான்கு பெயர் வைத்தால் பலகை இன்னும் சிறக்கும்.

இனி முப்படைச் சண்டை. கடையில் மூன்று நீண்ட விசுப்பலகைகள் இருக்கின்றன. நீலம் அடித்ததில் கடற்படையினர், பச்சையில் தரைப்படையினர், வெளிர்நீலத்தில் விமானப்படையினர் உட்கார வேண்டும் என்பது விளையாட்டாக ஏற்பட்ட ஏற்பாடு. தரைப்படைக்கென்று பலகையில் சக்கர்பாரா உண்டு. மைதாவைச் சர்க்கரையோடு பிசைந்து சாய்சதுரமாக வெட்டிப் பொரித்த, நம் வீடுகளில் டைமண்ட் பிஸ்கட் என்று சொல்கிற அதே பண்டம். வடக்கே பனியில் தேநீரோடு எத்தனை முறை அதைக் கடித்திருப்பேன் என்று மாமா உருகிப்போய்விட்டார். விமானப்படைக்கு எதிரே பண்டம் எதுவும் எழுதப்படவில்லை. 'மன்னிக்கவும், இங்கே ஏ.சி. வசதி இல்லை' என்ற ஒரு வரி மட்டும் இருக்கிறது.

எல்லா நாட்டிலும் இது உள்ளதுதான். பிரிட்டிஷ் மாலுமிகள் தரைப்படை வீரனை 'போங்கோ' என்பார்கள். 'போங்' என்றால் அவர்கள் பேச்சு வழக்கில் நாற்றம்; படை போகிற இடமெல்லாம் நாற்றமும் போகிறது என்பது அதற்கு அவர்கள் சொல்கிற விளக்கம். விமானப்படையினரை 'நண்டு' என்பார்கள். அமெரிக்காவில் தரைப்படை, கடற்படைப் பயிற்சிக் கல்லூரிகள் மோதுகிற, 1890இல் தொடங்கிய அமெரிக்கக் கால்பந்துப் போட்டி ஆண்டுதோறும் ஒரு திருவிழாவாகவே நடக்கிறது. இங்கும் டூராண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் தரைப்படை, கடற்படை, விமானப்படை அணிகள் எதிரெதிரே நின்றிருக்கின்றன. ஆனால் அயல்நாட்டு வசைப்பெயர்களைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருப்பதைவிட, அன்று மாலை விசுப்பலகைகளுக்கு நடுவே பறந்த தமிழ்தான் எனக்கு இனித்தது.

மாமா தொடங்கிவைத்தார். "தண்ணிக்காரர் கடையில தண்ணி கிடையாதுன்னு எழுதி வெச்சிருக்கீங்களே, நியாயமா?" என்றார். கடைக்காரர் தட்டுவடையில் சட்னி தடவுவதை நிறுத்தாமலே, "சாப், நாங்க தண்ணியில மிதந்தவங்க. நீங்கதான் குழி வெட்டி அதுக்குள்ளயே உட்கார்ந்தவங்க" என்றார். நாயிப் சுபேதார் என்று தெரிந்துகொண்ட கணத்திலிருந்து அவர் மாமாவை 'சாப்' என்றே அழைத்தார். கிண்டலிலும் அந்த மரியாதை குறையவில்லை. வெளிர்நீலப் பலகையில் இருந்த தாம்பரத்து விமானப்படைக்காரர், அதுவரை தினத்தாளில் முகத்தை மறைத்திருந்தவர், "ரெண்டு பேரும் நடந்தே களைச்சிட்டீங்க, உட்காருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடியும் தாளை உயர்த்திக்கொண்டார். அவருக்கு 'மெத்தைக்காரர்' என்று பெயர். நல்ல படுக்கையும் நல்ல சாப்பாடும் விமானப்படைக்கே போய்விடுகின்றன என்பதில் மற்ற இரு படைகளும் முழு ஒற்றுமையோடு இருக்கின்றன.

பிறகு யார் மூத்த படை என்ற வழக்கு வந்தது. பிரிட்டனில் கடற்படைதான் மூத்தது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் வரிசை தரைப்படை, கடற்படை, விமானப்படை என்று அமைந்துவிட்டது. குடியரசு தின அணிவகுப்பில் யார் முன்னால் போகிறார்கள் என்று பார்க்கச் சொன்னார் மாமா. அதற்குக் கடைக்காரர், 'கேப்டன்' என்ற பதவியை எடுத்துப் போட்டார். தரைப்படையில் கேப்டன் என்பவர் இளம் அதிகாரி. கடற்படையில் கேப்டன் என்றால் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். "உங்க கேப்டன் எங்க கப்பல்ல லெப்டினன்ட் சாப்" என்றதும் மாமாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. நொறுக்கல் கேட்டார்.

சிரிப்புக்கு இடையே ஒரு பழைய சங்கதியும் சுவரில் இருக்கிறது. 'சோறு இல்லையேல் வேலை இல்லை' என்று எழுதி, கீழே 18-2-1946 என்று தேதி போட்டிருக்கிறார். பம்பாயில் 'தல்வார்' என்ற கடற்படைப் பயிற்சி நிலையத்தில், மோசமான உணவையும் அதிகாரிகளின் இழிசொற்களையும் பொறுக்க முடியாமல் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கிய நாள் அது. ஓரிரு நாட்களில் ஏறக்குறைய 20,000 மாலுமிகள் அதில் இணைந்தார்கள். கப்பலின் சமையற்கட்டில் பதினைந்து ஆண்டு நின்றவருக்கு இந்தத் தேதி எதற்கு என்று விளக்கம் கேட்க வேண்டியிருக்கவில்லை. தட்டில் மிச்சம் வைத்தால் "என்ன குறைங்க?" என்று அவரே வந்து கேட்பதற்கும் அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

கேட்டதால் சொன்னேன், இங்கும் எழுதுகிறேன். காபி சரியில்லை. ஆயிரத்தெண்ணூறுகளின் முற்பகுதியிலேயே காபிச் செடி வந்து சேர்ந்த மலை தலைக்கு மேல் நிற்கும்போது, அதன் காலடியில் இப்படித் தண்ணீராக ஒரு காபி கொடுப்பது பொறுத்துக்கொள்ளக் கூடியதாக இல்லை. 'மிட்ராட்ஸ்' என்று நள்ளிரவுக் காவலருக்கான உணவின் பெயரில் முட்டை தோசை போடுகிறார், ஆனால் கடையை இரவு 9 மணிக்கே மூடிவிடுகிறார். கை கழுவும் இடம் மரத்துக்குப் பின்னால் இருட்டில் இருக்கிறது. வார இறுதியில் மலையிலிருந்து இறங்கும் வண்டிகள் சாலையோரத்திலேயே நிற்பதால், இறங்கும்போது பின்னால் பார்த்துக் கதவைத் திறக்க வேண்டும்.

கிளம்பும்போது மாமா பழக்க தோஷத்தில் உள்ளங்கை முன்னால் தெரிய விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். தரைப்படையின் முறை அது. கடற்படையில் உள்ளங்கையைக் கீழ்நோக்கி மறைத்துக்கொள்வார்கள். கயிறும் தாரும் பட்டுக் கறைபடிந்த கை மேலதிகாரிக்குத் தெரியக் கூடாது என்று வந்த பழக்கமாம். விமானப்படை 2006இல் இரண்டுக்கும் நடுவாக 45 பாகைச் சாய்வை ஏற்றுக்கொண்டது. மெத்தைக்காரர் தினத்தாளைக் கீழே வைக்காமலேயே இன்னொரு கையால் ஏதோ ஒரு சாய்வில் வைத்துச் சமாளித்தார். கடைக்காரர் முறைப்படி உள்ளங்கையைக் கீழ்நோக்கித் திருப்பித்தான் வைத்தார். இருந்தாலும் பீட்ரூட் பிழிந்த சிவப்பு விரல் இடுக்குகள் வழியே நன்றாகத் தெரிந்தது. சக்கர்பாராவுக்கு மாமாவிடம் காசு வாங்க மறுத்துவிட்டு, நொறுக்கலுக்கு மட்டும் வாங்கிக்கொண்டார். கப்பல் கவிழ்ந்ததற்கு நட்ட ஈடு என்றார்.

பிற்பகல் மூன்றரைக்குத் திறக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. ஏழு மணிக்கு மேல் தட்டுவடை தீர்ந்துவிடும். அதற்குப் பின் போகிறவர்களுக்குப் பப்ஸும் அந்தக் காபியும்தான் மிஞ்சும்.